தானே சாவி எடுத்து உள்ளே வரும் கெஸ்ட்டுக்குச் செக்-இன் குறிப்பு எழுதுவது எப்படி?

மாடிவீடு (கேள்வி)

குறுகிய கால வாடகைக்கு விடும் வீடு. லிஃப்ட் உள்ள கட்டடத்தில் இரண்டாவது மாடி. கேட்டுக்குப் பக்கத்துச் சுவரில் சாவிப் பெட்டி, 4 எண் சக்கரம் வைத்தது. உள்ளே இரண்டு சாவி: ஒன்று கட்டடத்தின் கண்ணாடிக் கதவுக்கு, இன்னொன்று வீட்டுக் கதவுக்கு. இப்போது அனுப்பும் குறிப்பு இதுதான்:

"வணக்கம்! எங்கள் வீட்டுக்கு உங்களை அன்புடன் வரவேற்கிறோம். வீடு மெயின் ரோட்டிலிருந்து சற்று உள்ளே இருக்கிறது. வந்ததும் இடது பக்கம் பெட்டி இருக்கும். எண் 4172. சாவியை எடுத்துக்கொண்டு இரண்டாவது மாடிக்கு வாருங்கள். பூட்டு கொஞ்சம் இறுக்கம், மெதுவாகத் திறக்கவும். வைஃபை பாஸ்வேர்டு ஃப்ரிட்ஜ் மேல் ஒட்டியிருக்கிறது. செக்-இன் 3 மணி. 12 மணிக்கு மேல் சத்தம் வேண்டாம். ஏதாவது என்றால் அழைக்கவும்."

இதை அனுப்பிய பிறகும் மூன்று விஷயத்துக்காக போன் வருகிறது. பெட்டி எங்கே என்று. எண் வைத்தும் பெட்டி திறக்கவில்லை என்று. சாவி திரும்புகிறது, கதவு திறக்கவில்லை என்று. எவ்வளவு நீளம் எழுதலாம்? சாவிப் பெட்டியை எடுத்துவிட்டு, எண் அடித்துத் திறக்கும் கீபேட் பூட்டு போட்டால் குறிப்பில் என்ன மாறும்?

---

திண்ணை

இது வீட்டை ஏற்கெனவே அறிந்தவர் எழுதிய குறிப்பு. படிக்கப் போகிறவர் ஒரு கையில் சூட்கேஸ், இன்னொரு கையில் சார்ஜ் தீரப்போகும் போன் என்று இருட்டில் நிற்பவர். அவருக்கு ஒவ்வொரு அடியிலும் நான்கு விஷயம் தெரிய வேண்டும்: எங்கே நிற்பது, எதிரே என்ன தெரியும், கை என்ன செய்ய வேண்டும், செய்தது சரிதான் என்று எதை வைத்துத் தெரிந்துகொள்வது. இந்த நான்காவதைத்தான் பெரும்பாலும் எல்லோரும் விட்டுவிடுகிறோம். அது இல்லாததால்தான் போன் வருகிறது.

உங்கள் வரிகளையே எடுத்துக்கொள்வோம்.

"சற்று உள்ளே": எத்தனை மீட்டர்? கட்டடத்தின் பெயரைத் தேடினால் மேப் பல சமயம் கட்டடத்தின் நடுவிலோ பின்பக்கத் தெருவிலோ கொண்டுபோய் விடும். மேப்பில் கேட் இருக்கும் இடத்தில் விரலை அழுத்திப் பிடித்துப் புள்ளி வையுங்கள், அந்த இணைப்பை அனுப்புங்கள். ஆயத்தொலைவுகளை (அட்சரேகை, தீர்க்கரேகை) எண்ணாக எழுதினால் தசமப் புள்ளிக்குப் பின் 5 இலக்கம் வேண்டும். நான்கோடு நிறுத்தினால் 11 மீட்டர் வரை தள்ளிப்போகும், ஐந்து இருந்தால் ஒரு மீட்டர் அளவுக்குள் வரும். கார் நிறுத்தும் இடம் வேறு பக்கம் என்றால் அதற்குத் தனிப் புள்ளி.

"இடது பக்கம்": யாருடைய இடது? தெருவின் எந்த முனையிலிருந்து வருகிறார் என்பதைப் பொறுத்து இடதும் வலதும் மாறிவிடும். "கேட்டைப் பார்த்து நின்றால் உங்கள் இடது கைப் பக்கம்" என்று நிற்கும் திசையைச் சொல்லிவிட்டுத்தான் இடது, வலது. கூடவே உயரம், நிறம், அளவு. அடையாளமாகச் சொல்வது நாளைக்கும் அங்கே இருக்க வேண்டும். நிறுத்தியிருக்கும் வண்டி, கடைப் பலகை, பூந்தொட்டி வேண்டாம். தூண், மீட்டர் பெட்டி, படிக்கட்டு சரி.

"இரண்டாவது மாடி": தரைத்தளத்தையே முதல் மாடி என்று எண்ணும் நாடுகள் உண்டு, அதைச் சுழியாக வைத்து எண்ணும் நாடுகளும் உண்டு. அவரவர் பழக்கப்படி எண்ணிக்கொண்டு வேறு வீட்டுக் கதவில் சாவியை நுழைத்துக்கொண்டிருப்பார்கள். லிஃப்ட் பொத்தானில் என்ன எழுதியிருக்கிறதோ அதை எழுதுங்கள், கதவில் உள்ள எண்ணையும் எழுதுங்கள்.

"கொஞ்சம் இறுக்கம், மெதுவாக": இதில் செய்வதற்கு ஒன்றும் இல்லை. எந்தத் திசையில், எத்தனை சுற்று, மற்றக் கை என்ன செய்ய வேண்டும்? அதைச் சொல்லுங்கள்.

"3 மணி", "12 மணி": 15:00 என்று எழுதுங்கள். 12 மணி என்பது பகலா இரவா என்ற குழப்பம் எந்த மொழியிலும் வரும்.

"அழைக்கவும்": எந்த எண்ணுக்கு? நாட்டுக் குறியீட்டோடு இரண்டு எண்கள் வேண்டும்.

வரவேற்பு, சத்த விதி, ஃப்ரிட்ஜ் எல்லாம் வேறு செய்திக்குப் போகட்டும். வாசலுக்கான குறிப்பில் கதவு திறக்கும் வரையிலான வேலை மட்டும்:

1. மேப் புள்ளி பச்சை இரும்பு கேட்டுக்கு நேரே இருக்கிறது. கேட் பூட்டியிருக்காது, தள்ளினால் திறக்கும்.
2. உள்ளே போக வேண்டாம். கேட்டைப் பார்த்து நில்லுங்கள். இடது தூணில், தோள் உயரத்தில், உள்ளங்கை அளவுக் கறுப்புச் சாவிப் பெட்டி. மஞ்சள் வட்ட ஸ்டிக்கர் இருப்பதுதான் நம்முடையது.
3. ரப்பர் மூடியைக் கீழே இழுங்கள். நான்கு சக்கரங்களிலும் 4172 வரும்படி, வெள்ளைக் கோட்டுக்கு நேரே வையுங்கள். வலப்பக்கக் கறுப்புப் பொத்தானைக் கீழே தள்ளிப் பிடித்தபடியே முன் மூடியை உங்கள் பக்கம் இழுங்கள். மறு கையைக் கீழே ஏந்துங்கள், சாவி விழும்.
4. இரண்டு சாவிகளையும் எடுத்து, மூடி, நான்கு சக்கரங்களையும் கலைத்து விடுங்கள்.
5. நீலப் பட்டை உள்ள சாவி கண்ணாடிக் கதவுக்கு. லிஃப்டில் 2-ஐ அழுத்துங்கள். வெளியே வந்ததும் வலது, கடைசிக் கதவு, எண் 204.
6. சிவப்புப் பட்டை உள்ள சாவியை முழுதாக உள்ளே விடுங்கள். கைப்பிடியை உங்கள் பக்கம் இழுத்துப் பிடித்தபடி கடிகார முள் சுற்றும் திசையில் இரண்டு முழுச் சுற்று. இரண்டாவது சுற்றின் முடிவில் "டக்" என்று கேட்கும். பிறகு கைப்பிடியை அழுத்தித் தள்ளுங்கள்.
7. விளக்கு சுவிட்ச் உள்ளே வலது சுவரில். கதவு தானாகப் பூட்டிக்கொள்ளும். வெளியே வரும்போதெல்லாம் சாவி கையில் இருக்கட்டும்.

நிறம், திசை எல்லாம் நானாக வைத்தவை, உங்கள் வீட்டுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். நீளத்துக்கு அளவு: போனில் இரண்டு திரைக்குள் முடிந்தால் போதும். சுருக்குகிறேன் என்று அந்த "டக்" சத்தத்தை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

அலாரம் இருந்தால் அது 6-க்கு முன்னால் வர வேண்டும். கதவு திறந்த பிறகு எத்தனை நொடி அவகாசம், பலகை எந்தச் சுவரில், எந்தப் பொத்தான் என்பதைக் கதவைத் திறப்பதற்கு முன்பே அவர் படித்திருக்க வேண்டும்.

---

பூட்டுத்துளை

பெட்டியும் பூட்டும் ஏன் திறக்காமல் போகின்றன என்று தெரிந்தால்தான் குறிப்பில் சரியான வரி வரும்.

சக்கரப் பெட்டியில் முதல் தவறு எண்களை வேறு வரிசையில் நிறுத்துவது. சக்கரத்தில் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று எண்கள் கண்ணில் படும். எந்த வரிசை கணக்கு என்று காட்டும் கோடு பெட்டி நிறத்திலேயே மெல்லியதாக இருக்கும், இரவில் தெரியாது. அந்தக் கோட்டுக்கு வெள்ளைப் பெயின்ட் அடித்துவிடுங்கள், போன்களில் ஒரு பங்கு அதோடு நிற்கும். இரண்டாவது தவறு, சக்கரம் இரண்டு எண்களுக்கு நடுவே நிற்பது. ஒவ்வொன்றும் "கிளிக்" என்று உட்கார வேண்டும். மூன்றாவது, பொத்தானைத் தள்ளிவிட்டு விரலை எடுத்த பிறகு மூடியை இழுப்பது. இரண்டும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். திண்ணை 3-ஆம் படியில் "பிடித்தபடியே" என்று போட்டிருப்பது அதனால்தான்.

அதிகம் பேர் கவனிக்காத ஒன்று: பல சக்கரப் பெட்டிகளில் எண் மாற்றும் சிறு நெம்பு மூடியின் உட்புறம்தான் இருக்கிறது. சாவி எடுப்பவர் விரல் பட்டு அது நகர்ந்து, அதே நிலையில் சக்கரங்களைக் கலைத்துவிட்டால், கலைத்த எண்ணே புதிய எண் ஆகிவிடும். என்ன எண் என்று யாருக்கும் தெரியாது. அதன் மேல் டேப் ஒட்டிவிடுங்கள்.

பொத்தான் வைத்த மெக்கானிக்கல் பெட்டி என்றால் குறிப்பும் வேறு. அவற்றில் பலவற்றில் எண்களின் வரிசை முக்கியமில்லை, ஒரு எண் இரண்டு முறை வராது. ஆனால் முன்பு யாரோ தொட்ட பொத்தான் உள்ளே அழுந்தியே இருந்தால் சரியான எண்ணும் வேலை செய்யாது. ஆகவே முதல் வரியே "அழிக்கும் நெம்பை ஒரு தடவை கீழே இழுங்கள், பிறகு எண்களை அழுத்துங்கள்" என்று இருக்கட்டும். தவறாக அழுத்திவிட்டாலும் அதே வரிதான் மருந்து.

சாவி திரும்பியும் கதவு திறக்காததற்கு இரண்டு காரணங்கள் அடிக்கடி வரும். ஒன்று, சட்டமும் கதவும் ஒன்றை ஒன்று அழுத்துவதால் தாழ்நாக்கு குழியின் ஓரத்தில் சிக்கிக்கொள்வது. கதவை இழுத்தோ தள்ளியோ பிடித்தால் விடுபடும். எது என்று நீங்களே செய்து பார்த்து எழுதுங்கள். இரண்டு, மேல், நடு, கீழ் என்று பல இடங்களில் தாழ் விழும் கதவுகள். அவற்றில் சாவியை முழுதாகச் சுற்றிய பிறகு கைப்பிடியைக் கீழே அழுத்தினால்தான் திறக்கும்; பூட்டும்போது கைப்பிடியை மேலே தூக்கிவிட்டுத்தான் சாவி சுற்ற வேண்டும். இந்த வகைக் கதவையே பார்க்காதவருக்கு அது தானாகத் தோன்றாது.

இன்னொன்று: சில சிலிண்டர்களில் (பூட்டில் சாவி நுழையும் உருளைப் பகுதி) உட்புறம் சாவி மாட்டியிருந்தால் வெளியிலிருந்து எந்தச் சாவியும் வேலை செய்யாது. இரண்டு பேர் தங்கும்போது ஒருவர் உள்ளே சாவியைப் பூட்டிலேயே விட்டுத் தூங்கிவிட்டால், வெளியே போனவர் வாசலில்தான் நிற்க வேண்டும். "உட்பக்கம் பூட்டில் சாவியை விட்டு வைக்காதீர்கள்" என்று கதவின் உட்புறம் கண் உயரத்தில் ஒரு வரி ஒட்டுங்கள். பூட்டு மாற்றுவதாக இருந்தால் இரண்டு பக்கமும் சாவி இருந்தாலும் திறக்கும் சிலிண்டராகக் கேட்டு வாங்கலாம்.

கீபேட் பூட்டுக்கு மாறினால் எழுத வேண்டியவை:

தொடுதிரை என்றால் எண்கள் அணைந்து இருக்கும். "உள்ளங்கையை வையுங்கள், எண்கள் ஒளிரும்" என்று தொடங்குங்கள். எண்ணை அடித்தபின் # அழுத்த வேண்டுமா, டிக் குறியா, ஒன்றுமே வேண்டாமா? மாடலுக்கு மாடல் வேறு. சரியானால் என்ன விளக்கு, என்ன ஒலி, தவறானால் என்ன. எத்தனை முறை தவறினால் எத்தனை நிமிடம் பூட்டு பதில் சொல்லாது என்பதைக் கையேட்டைப் பார்த்து எழுதுங்கள். இது தெரியாதவர் அடித்துக்கொண்டே இருப்பார், காத்திருக்கும் நேரம் முடியவே முடியாது.

நேரக் கட்டுப்பாட்டோடு எண் கொடுத்தால், 15:00-க்குத் தொடங்கும் எண் 14:40-க்கு வந்தவருக்கு வெறும் தவறான எண்தான். வீடு தயார் என்றால் ஒரு மணி நேரம் முன்னதாகவே தொடங்க விடுங்கள், இல்லையென்றால் "15:00-க்கு முன் இந்த எண் திறக்காது" என்று அந்த வார்த்தைகளிலேயே சொல்லுங்கள். பூட்டின் நேர மண்டலம் சரியா என்றும் பாருங்கள். வேறு நாட்டில் இருந்துகொண்டு ஆப்பில் அமைக்கும்போது இது எளிதில் தவறும்.

பேட்டரி: இந்தப் பூட்டுகளில் பல, பென்சில் பேட்டரி நான்கில் ஓடுபவை. கையேடு ஆல்கலைன் என்று சொன்னால் அதையே போடுங்கள். ரீசார்ஜ் செய்யும் நிக்கல் வகை ஒன்றுக்கு 1.2 வோல்ட், ஆல்கலைன் 1.5. மேலும் நிக்கல் வகை கடைசிவரை ஒரே அளவில் கொடுத்துவிட்டுச் சட்டென்று விழும். அதனால் "பேட்டரி குறைவு" எச்சரிக்கை வருவதற்கும் பூட்டு நிற்பதற்கும் இடையே அவகாசமே இருக்காது. பழையதையும் புதியதையும் கலக்க வேண்டாம். சாவித் துளை இல்லாத மாடல்கள் பலவற்றில் கீழ்ப்பக்கம் இரண்டு உலோகப் புள்ளிகள் இருக்கும். 9 வோல்ட் பேட்டரியை அதில் அழுத்திப் பிடித்துக்கொண்டு எண்ணை அடித்தால் திறக்கும்.

---

மாடிவீடு

அந்த நெம்பு என் பெட்டியிலும் உட்புறம்தான் இருக்கிறது, டேப் ஒட்டிவிட்டேன். குறிப்போடு படம் எத்தனை வைக்கலாம்? வீடியோ எடுத்தால் வேலை எளிதாகுமா? வேறு மொழி பேசும் கெஸ்ட்கள் இதை மொழிபெயர்ப்பு ஆப்பில் போட்டுத்தான் படிப்பார்கள்.

---

வெளிச்சம்

ஐந்து அல்லது ஆறு படங்கள் போதும். தெருவிலிருந்து கேட், கேட்டிலிருந்து தூண், பெட்டி அருகில், லிஃப்ட் பலகை, 204-ஆம் கதவு, பூட்டும் கைப்பிடியும். ஒவ்வொன்றையும் நடந்து வருபவர் நிற்கும் இடத்திலிருந்து, அவர் கண் உயரத்தில் எடுங்கள். எதிர்த் தெரு மாடியிலிருந்து எடுத்த அழகான படம் விளம்பரத்துக்கு ஆகும், இதற்கு ஆகாது. கேட், பெட்டி இரண்டையும் பகலில் ஒன்று, இரவில் ஒன்று எடுங்கள். இரவில் எடுக்கும்போது பெட்டியே தெரியவில்லை என்றால் அங்கே குறை படத்தில் இல்லை. ஆள் வந்தால் எரியும் சென்சார் விளக்கு ஒன்று வேண்டும்.

படத்தின் மூலையில் படி எண்ணைப் போடுங்கள், குறிப்பில் உள்ள அதே எண். அம்புக்குறி மஞ்சளில், கறுப்பு ஓரத்தோடு இருந்தால் எந்தப் பின்னணியிலும் தெரியும். சாவிப் பெட்டி எண்ணையோ வைஃபை பாஸ்வேர்டையோ படத்துக்குள் எழுதாதீர்கள். நகல் எடுக்க முடியாது, எண் மாறும்போது படத்தையும் மாற்ற வேண்டும், அவர் ஊருக்குப் போன பிறகும் அது போன் கேலரியில் கிடக்கும். பக்கத்து வீட்டுப் பெயர்ப் பலகை படத்தில் விழுந்தால் மறைத்துவிடுங்கள்.

முழு வழியையும் வீடியோவாக எடுக்க வேண்டாம். டேட்டா கேட்கும், வாசலில் நின்றுகொண்டு நிறுத்தி நிறுத்திப் பார்க்க வேண்டியிருக்கும். கைப்பிடியை இழுத்தபடி சாவி சுற்றுவது போல, கை அசைவைச் சொல்லால் காட்ட முடியாத இடத்துக்கு மட்டும் 15 நொடி, நெட்டுவாக்கில்.

மொழிபெயர்ப்புக்குப் போகும் குறிப்பில் ஒரு வாக்கியத்துக்கு ஒரு வேலை. ஒரு பொருளுக்கு ஒரே பெயர், கடைசிவரை அதே பெயர். தமிழில் "பெட்டி" என்பது பொல்லாத சொல்: சாவிப் பெட்டி, மீட்டர் பெட்டி, தபால் பெட்டி, பயணப் பெட்டி எல்லாமே பெட்டிதான். உங்கள் முதல் குறிப்பில் வெறும் "பெட்டி" என்று இருக்கிறது. அதைப் படித்தவர் தபால் பெட்டியில் கைவிட்டுத் துழாவினால் அவர்மேல் தவறில்லை. ஒவ்வொரு முறையும் "சாவிப் பெட்டி" என்றே எழுதுங்கள். "கொஞ்சம் முன்னே பின்னே ஆட்டுங்கள்" போன்ற பேச்சு வழக்கை ஆப் எப்படி மாற்றும் என்று சொல்ல முடியாது. மொழிபெயர்த்ததைத் திரும்பத் தமிழுக்கு மாற்றிப் பாருங்கள், இடறும் வரி தெரிந்துவிடும். முகவரியை மட்டும் மொழிபெயர்க்காமல், அந்த ஊரின் எழுத்திலேயே, வேறெதுவும் சேர்க்காமல் தனிச் செய்தியாக அனுப்புங்கள். டாக்ஸி ஓட்டுநரிடம் அப்படியே காட்டலாம்.

வந்து இறங்குபவரிடம் டேட்டா இருக்கும் என்று நினைக்க வேண்டாம். கீழ்த்தளப் பார்க்கிங்கிலும் லிஃப்டிலும் சிக்னல் போய்விடும். படங்களோடு சின்ன பிடிஎஃப் ஒன்று, அதே படிகள் வெறும் எழுத்தாக ஒன்று, இரண்டையும் முன்கூட்டியே அனுப்பி "கிளம்பும் முன் போனில் சேமித்துக்கொள்ளுங்கள்" என்று முதல் வரியிலேயே சொல்லுங்கள். வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் செய்தியிலும் இருக்கட்டும், ஃப்ரிட்ஜ் மேலும் இருக்கட்டும். பாஸ்வேர்டில் சுழியும் ஆங்கில ஓ-வும், ஒன்றும் சிறிய எல்-லும் வேண்டாம்.

---

இரும்புக்கேட்

திண்ணையின் குறிப்பில் ஒன்றை மட்டும் ஏற்க முடியவில்லை. முகவரி, சாவிப் பெட்டி இருக்கும் இடத்தின் படம், எண் மூன்றும் ஒரே செய்தியில் போகக் கூடாது. அந்தப் போன் தொலைந்தால் வீடு திறந்த மாதிரி. வழியும் படமும் வருவதற்கு இரண்டு நாள் முன்பு, எண் மட்டும் வரும் நாள் காலையில். நீண்ட விமானப் பயணம் என்றால் ஏறுவதற்கு முன்பே எண் போய்விட வேண்டும். அதனால் வரும் நேரத்தையும் கிளம்பும் நேரத்தையும் முன்னமே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

எண் ஒவ்வொரு தங்கலுக்கும் மாற வேண்டும். பொத்தான் பெட்டியில் மாதக்கணக்கில் ஒரே எண் இருந்தால் அந்தப் பொத்தான்கள் மட்டும் தேய்ந்து பளபளக்கும், வரிசையும் முக்கியமில்லை என்பதால் பார்த்தவுடன் கண்டுபிடித்துவிடலாம். கதவு எண், 1234, ஆண்டு எதுவும் வேண்டாம். புது எண் வைத்ததும் மூடி திறந்திருக்கும்போதே இரண்டு மூன்று முறை ஓட்டிப் பார்த்துவிட்டு மூடுங்கள். சாவி வளையத்தில் முகவரி எழுதிய அட்டை கூடாது, நிறப் பட்டை போதும். தடித்த வளையம், பொம்மை எல்லாம் உள்ளே சிக்கி மூடியைத் திறக்க விடாது.

---

திண்ணை

எண்ணைப் பிரிப்பது சரி, ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் தனியாக வரும் எண் இருபது செய்திகளுக்கு நடுவே தொலைந்துவிடும். 3-ஆம் படியில் "எண் வரும் நாள் காலையில் தனியாக வரும்" என்று எழுதுங்கள். எண் செய்தியின் முதல் வார்த்தையே "சாவிப் பெட்டி எண்:" என்று இருக்கட்டும், தேடினால் கிடைக்கும். அதில் வணக்கம், வாழ்த்து எதுவும் வேண்டாம்.

அனுப்புவதற்கு முன் ஒரு வேலை. வீட்டைப் பார்த்தே இராத ஒருவரிடம் குறிப்பைக் கொடுத்து, இருட்டிய பிறகு, கையில் ஒரு சூட்கேஸோடு வரச் சொல்லுங்கள். நீங்கள் பின்னாலேயே நடங்கள், வாயைத் திறக்காதீர்கள். அவர் எங்கெல்லாம் நின்று போனைப் பார்க்கிறாரோ அந்தப் படியைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த வரிகளைத்தான் திருத்த வேண்டும், மற்றவற்றைத் தொடாதீர்கள்.

---

மாடிவீடு

எல்லாம் சரியாக எழுதியும் கதவு திறக்கவில்லை, நான் ஊரில் இல்லை என்றால்?

---

பூட்டுத்துளை

இரண்டாவது சாவிப் பெட்டி. முதல் பெட்டி இருக்கும் சுவரில் அல்ல, கட்டடத்தின் வேறு பக்கத்தில், வேறு எண்ணோடு. அது இருப்பதையே முன்கூட்டி யாருக்கும் எழுத வேண்டாம், தேவைப்படும்போது போனில் மட்டும் சொல்லுங்கள், பயன்படுத்திய பின் எண்ணை மாற்றுங்கள். கண்ணாடிக் கதவைத் திறக்காமலே எட்டும் இடமாக இருக்க வேண்டும். உள்ளே இரண்டு சாவிகளின் நகல். கீபேட் பூட்டுக்கு மாறினால் கண்ணாடிக் கதவுச் சாவியின் நகலும் 9 வோல்ட் பேட்டரி ஒன்றும்.

போன் வந்தால் முதலில் "எத்தனையாவது படியில் நிற்கிறீர்கள்?" என்று கேளுங்கள். படிகளுக்கு எண் போட்டதன் பலன் அப்போது தெரியும். அவர் 3 என்றால் வெள்ளைக் கோடு, 6 என்றால் கைப்பிடி.

இரண்டாவது பெட்டி மாதக்கணக்கில் யாரும் தொடாமல் கிடக்கும், சக்கரம் இறுகிவிடும். மாதம் ஒருமுறை திறந்து மூடுங்கள். எண்ணெய் விடாதீர்கள், தூசியைப் பிடித்து இன்னும் இறுகும். கிராஃபைட் பொடி கொஞ்சம் போட்டுச் சக்கரங்களை நாலு சுற்று சுற்றிவிட்டால் போதும்.